பைராட்ஸ் 0 வந்த வீடு: குடியாத்தம் பக்கத்து மேமோகிராம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஒரே மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ரிப்போர்ட்டில் இரண்டு விஷயம் எழுதியிருந்தது. வலது அக்குளில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். இடது மார்பின் மேல் வெளிப்பக்கத்தில் ஓர் அடர்த்தி, வலது மார்பில் அதே இடத்தில் அப்படி எதுவும் இல்லை. இரண்டுக்கும் சேர்த்துக் கடைசி வரியில் 'பைராட்ஸ் 0, கூடுதல் படங்களும் அல்ட்ராசவுண்டும் தேவை' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். பைராட்ஸ் என்பது மார்பகப் படத்தின் முடிவைச் சொல்லும் எண், விவரம் பின்னால் வரும். வீட்டில் அந்த 0 மட்டும்தான் கண்ணில் பட்டது. ஜீரோ என்றால் ஒன்றுமில்லை என்று கவரைத் தூக்கி பீரோ மேல் வைத்துவிட்டார்கள். மார்ச்சில் எடுத்த படம் ஜூனில்தான் எங்களிடம் வந்தது.

அந்த இரண்டில் ஒன்று பவுடர். இன்னொன்று புற்றுநோய்.

நான் வேலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் மேமோகிராம் எடுக்கும் டெக்னீஷியன். படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜி டாக்டர், சிகிச்சை முடிவு செய்வது சர்ஜனும் புற்றுநோய் டாக்டரும், நான் இயந்திரத்துக்கும் பெண்ணுக்கும் நடுவில் நிற்பவள். இந்த நிகழ்வை எழுத அந்தக் குடும்பம் சம்மதித்திருக்கிறது. அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன். முதல் படம் எடுத்த இடத்தின் பெயரும் இங்கே வராது, ஏனென்றால் அங்கே நடந்தது எங்கேயும் நடக்கிற விஷயம்தான்.

யார் இவர்

வயது 54. குடியாத்தம் பக்கத்து ஊர். மாதவிடாய் நின்று நான்கு வருஷம் ஆகிறது. ஒரு மகன், ஒரு மகள், இருவருக்கும் தாய்ப்பால் கொடுத்தவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பீடி சுற்றுகிறார். வீட்டுக்காரர் லுங்கித் தறி ஓட்டியவர். சர்க்கரை இல்லை, பிரஷருக்கு ஒரு மாத்திரை. அம்மாவின் தங்கைக்கு 'மார்ல புண்ணு' வந்து இறந்துபோனார் என்பதைத் தவிர அந்தக் கதை வீட்டில் யாருக்கும் முழுசாகத் தெரியாது, கேட்டால் பேச்சை மாற்றுவார்கள்.

கட்டி இல்லை, வலி இல்லை, காம்பில் கசிவு இல்லை, தோல் சுருங்கவில்லை. ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் மருமகள்தான் மகளிர் தினச் சலுகை என்று ஒரு ஹெல்த் செக்கப் பேக்கேஜுக்குப் பணம் கட்டி மாமியாரை அழைத்துப் போயிருக்கிறார். ரத்தம், சிறுநீர், ஈ.சி.ஜி., மேமோகிராம் எல்லாம் ஒரே நாளில்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தொந்தரவும் இல்லாதபோது எடுப்பது ஸ்கிரீனிங் மேமோகிராம். கட்டி தட்டுப்படுகிறது, காம்பிலிருந்து ரத்தம் கலந்து ஏதோ வருகிறது என்று வருபவர்களுக்கு எடுப்பது வேறு வகை, அதில் முதலிலேயே அந்த இடத்தைக் குறிவைத்துப் படம் எடுத்து, பெரும்பாலும் கையோடு அல்ட்ராசவுண்டும் பார்ப்போம். அதனால் கட்டி இருப்பவர் 'சும்மா செக்கப்' என்று சொல்லிக்கொண்டு வரக் கூடாது. வெட்கப்பட்டு மறைத்தால் நான் தவறான பரிசோதனையைச் செய்து அனுப்பிவிடுவேன். படத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் கையில் தட்டுப்படும் கட்டி கட்டிதான், அதை விடக் கூடாது. எட்டில் ஒரு புற்றுநோயை மேமோகிராம் தவறவிடுகிறது என்பது பொதுவான கணக்கு.

எந்த வயதில், யாருக்கு

அமெரிக்காவில் 2024இல் வந்த பரிந்துரைப்படி 40 வயதிலிருந்து 74 வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. பிரிட்டனில் 50 வயதில் தொடங்கி மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கடிதம் அனுப்பிக் கூப்பிடுகிறார்கள். இந்தியாவில் எல்லாப் பெண்களையும் மேமோகிராமுக்குக் கூப்பிடும் அரசுத் திட்டம் கிடையாது. மத்திய அரசு 2016இல் வகுத்த முறைப்படி 30 முதல் 65 வயது வரை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் தடவிப் பார்க்க வேண்டும், சந்தேகம் இருந்தால் மேலே அனுப்ப வேண்டும்.

கையால் பார்ப்பதில் என்ன தெரியும் என்று உதட்டைப் பிதுக்குபவர்களுக்காகச் சொல்கிறேன். மும்பையில் டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரி ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை இருபது வருஷம் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் இறப்பு குறைந்ததென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் 50 வயதைத் தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது. வீட்டுக்கு வரும் நர்ஸம்மாவைத் திருப்பி அனுப்பாதீர்கள். வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து 2019இல் தனி மாவட்டங்களான ராணிப்பேட்டை, திருப்பத்தூர் இரண்டிலும், ஈரோடு, கன்னியாகுமரியோடு சேர்த்து, 2023இல் தமிழ்நாடு அரசு வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கான பரிசோதனையை முன்னோட்டமாகத் தொடங்கியது. ஆற்காட்டில் இருப்பவருக்கு இது வாசலில் கிடைக்கிற விஷயம்.

முதல் படம், பவுடரோடு

மார்ச் மாதம் என்றாலும் நம்ம ஊர் வெயில் தெரியும்தானே. இந்த அம்மா தலைக்குக் குளித்து, கழுத்திலும் மார்புக்குக் கீழேயும் கம்கட்டிலும் வேர்க்குரு பவுடரைக் கொட்டிக்கொண்டு, பட்டு இல்லாவிட்டாலும் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். டவுனுக்குப் போகிறவர் அப்படித்தான் போவார், அதில் அவர் தப்பு என்ன? பவுடர் போடாதீர்கள் என்று பேக்கேஜ் விற்றவர்கள் சொல்லவில்லை.

வேர்க்குரு பவுடரில் துத்தநாக ஆக்ஸைடு மாதிரியான பொருள்கள் இருக்கும், டியோடரண்ட் பலவற்றில் அலுமினிய உப்பு இருக்கும். இவை எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளிகளாக விழும். மார்பகத்தில் சுண்ணாம்புச் சத்து பொடியாகப் படிவதும் அதே போல வெள்ளைப் புள்ளிதான், அதில் சில வகைகள் ஆரம்பநிலைப் புற்றுநோயின் ஒரே அடையாளமாக இருக்கும். டாக்டர் எதை நம்புவார்? சந்தேகம் என்றுதான் எழுதுவார். அதனால் அன்றைக்குக் குளித்துவிட்டு மார்பிலும் அக்குளிலும் பவுடர், ஸ்ப்ரே, கிரீம், சென்ட் எதுவும் போடாமல் வாருங்கள். மறந்து போட்டுவிட்டால் சொல்லுங்கள், ஈரத்துணியால் துடைத்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம், பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. முகத்துக்குப் போட்டதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

இடதுபக்க அடர்த்தி வேறு கதை. மார்பகத்தில் கொழுப்பு கறுப்பாகவும், பால் சுரப்பித் திசு வெள்ளையாகவும் படத்தில் விழும். கட்டியும் வெள்ளைதான். வெள்ளைத் திசு அதிகமாக இருக்கும் மார்பை அடர்த்தியானது என்கிறோம், ஏ முதல் டி வரை நான்கு படிகளாக ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். இவருடையது சி. சி, டி இரண்டிலும் வெள்ளைக்குள் வெள்ளை ஒளிந்துகொள்ள இடம் உண்டு, அதனால்தான் அல்ட்ராசவுண்டும் கேட்கிறார்கள். அடர்த்தி என்பது நோய் அல்ல. தொட்டுப் பார்த்து, இறுக்கமாக இருக்கிறது, தளர்ந்திருக்கிறது என்று அதைச் சொல்லவும் முடியாது, படத்தில்தான் தெரியும்.

0 என்ற எண்

பைராட்ஸ் என்பது அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி வகுத்த ஒரு எண்முறை, உலகம் முழுக்கப் பெரும்பாலான ரிப்போர்ட்டுகள் இதில்தான் முடியும். 1 என்றால் எதுவும் இல்லை. 2 என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் சாதாரணம், நீர்க்கட்டி மாதிரி. 3 என்றால் அநேகமாக சாதாரணம், புற்றுநோயாக இருக்க வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இல்லை, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 4 என்றால் சந்தேகம், பயாப்ஸி (ஊசியால் திசு எடுத்துப் பரிசோதிப்பது) தேவை, அதற்குள்ளேயே ஏ, பி, சி என்று மூன்று படிகள், வாய்ப்பு 2 சதவீதத்தில் ஆரம்பித்து 95 வரை விரிந்து கிடக்கிறது, ஆகவே வெறும் 4 என்று கேட்டு மயக்கம் போட வேண்டாம், பின்னால் என்ன எழுத்து என்று பாருங்கள். 5 என்றால் 95க்கும் மேல். 6, ஏற்கெனவே பயாப்ஸியில் உறுதியானவருக்குப் போடுவது.

0 இந்த ஏணியில் கீழ்ப்படி கிடையாது, ஏணிக்கே வெளியே இருக்கிறது. படம் போதவில்லை, இன்னும் பார்க்காமல் எண் போட முடியாது என்று டாக்டர் சொல்கிறார். ரிப்போர்ட்டிலேயே முடிவு சொல்லாத ஒரே எண் அதுதான், அதையே நாம் நிம்மதியாகப் படித்துவிடுகிறோம். மகன் பிறகு என்னிடம் சொன்னது இது: "ஜீரோன்னு போட்டுகீறாங்க, அப்பறம் இன்னாத்துக்கு மறுபடியும் போவணும்னு நான்தான் சொன்னேன் மேடம்."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் பக்கத்தில் நார்மல் அளவு அச்சடித்துக் கொடுக்கிறோம், மேமோகிராமுக்கு மட்டும் மொழி தெரிந்தவனுக்கும் புரியாத ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கையில் திணிக்கிறோம். அந்த சென்டரிலிருந்து இரண்டு தடவை போன் போயிருக்கிறது. படிவத்தில் எழுதிய நம்பர் மகனுடையது, அவர் லாரி ஓட்டுபவர், தெரியாத நம்பரை எடுக்கும் பழக்கம் இல்லை. கவுண்டரில் கொடுத்த பெண் "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொன்னதாக மருமகளுக்கு ஞாபகம், ஆனால் எந்த டாக்டர்? பேக்கேஜில் வந்தவருக்கு டாக்டர் யாரும் இல்லை. சீட்டு எழுதி அனுப்பியவர் ஒருவர் இருந்தால் ரிப்போர்ட் அவரிடம் திரும்பிப் போகும், இங்கே போக இடமே இல்லாமல் பீரோவுக்குப் போயிற்று. என்னைக் கேட்டால், ரிப்போர்ட்டை உட்கார்ந்து விளக்க ஆள் வைக்காத பேக்கேஜில் மேமோகிராமைச் சேர்த்து விற்கவே கூடாது.

அப்புறம் வைகாசி வந்தது. குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே அதற்கு முன்னும் பின்னும் வேறு வேலை பார்க்காது, மகளும் பேரப்பிள்ளைகளும் வந்து இறங்கிவிட்டார்கள். திருவிழா முடிந்து வீட்டை ஒழுங்குபடுத்தும்போது கவர் கீழே விழ, விடுமுறைக்கு வந்திருந்த உறவுக்காரப் பெண், நர்ஸிங் படிப்பவள், கடைசி வரியைப் படித்துவிட்டாள். அடுத்த வாரம் எங்கள் இடத்தில் இருந்தார்கள்.

அறைக்குள்

இரண்டாவது தடவை மருமகள் முன்கூட்டியே போன் செய்து கேட்டார். எல்லோரும் கேட்கிற கேள்விகள்தான். லேடீஸ்தானே எடுப்பாங்க? இதை பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்திலிருந்து வருபவர்கள் கட்டாயம் கேட்பார்கள், கேட்பது நல்லது, பெண்கள்தான் எடுக்கிறோம், ஆண்களை உள்ளே விடுவதில்லை. வெறும் வயிற்றில் வரணுமா? வேண்டாம், சாப்பிட்டு வாருங்கள், பிரஷர் மாத்திரையையும் போட்டுக்கொள்ளுங்கள். நைட்டியோ ஒரே துண்டான உடையோ வேண்டாம், இடுப்புக்கு மேலே மட்டும்தான் கழற்ற வேண்டியிருக்கும், சேலையோ சுடிதாரோ வசதி. மாதவிடாய் வருபவராக இருந்தால் அது முடிந்த அடுத்த வாரத்தில் தேதி வாங்குங்கள், மார்பு அப்போது அவ்வளவாக வலிக்காது. கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலும், பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும், முன்பு மார்பில் ஆபரேஷன் நடந்திருந்தாலும், ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டாலும் உள்ளே வரும் முன் சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே பழைய படங்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, ஃபிலிமோ சி.டி.யோ வேண்டும். மூன்று வருஷமாக அப்படியே இருக்கும் ஒரு நிழலையும் போன வருஷம் இல்லாமல் இப்போது முளைத்த நிழலையும் ஒற்றைப் படத்தை வைத்துப் பிரிக்க முடியாது. பழைய படம் கையில் இருந்தாலே பாதி 0 வராமல் போகும் என்பது என் அனுபவம்.

தாலி விஷயத்துக்கு வருகிறேன். சங்கிலி படத்துக்குள் விழுந்தால் அதற்குப் பின்னால் இருப்பது மறைந்துவிடும், அதனால் கழற்றச் சொல்வோம். எத்தனையோ பேர் அந்த இடத்தில்தான் நின்றுவிடுவார்கள், இயந்திரத்தைப் பார்த்துப் பயப்படாதவர்கள்கூட. தெரிந்து வருபவர்கள் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கட்டிக்கொண்டு தங்கத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்கள், கயிறு லேசு, தள்ளி வைக்கவும் சுலபம். இந்த அம்மா கழற்றமாட்டேன் என்றார். "எங்க வூட்டுக்காரரு வெளிய குந்திகினு இருக்கறப்ப எப்பிடி கண்ணு கழட்டுவேன்?" சரி என்று முதுகுப்பக்கம் தள்ளி பிளாஸ்டர் போட்டு ஒட்டினேன். படத்துக்குள் வராதவரை எனக்கு அதில் சண்டை இல்லை. கொண்டையைத் தூக்கிக் கட்டச் சொன்னேன், முடி விழுந்தாலும் கோடு தெரியும்.

நின்றபடிதான் எடுப்போம். மார்பை ஒரு தட்டில் வைத்து மேலிருந்து பிளாஸ்டிக் தட்டை இறக்கி அழுத்துவோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலிருந்து கீழாக ஒன்று, அக்குளையும் சேர்த்துச் சாய்வாக ஒன்று, ஆக நான்கு படம். ஒவ்வொரு அழுத்தமும் சில நொடிதான், மூச்சைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்ததும் தட்டு விடுபடும். வலிக்குமா என்றால் பலருக்கு இறுக்கம், சிலருக்கு நிஜமாகவே வலி, நான் பொய் சொல்வதில்லை. தாங்க முடியவில்லை என்றால் நிறுத்து என்று சொல்லலாம், நிறுத்துவேன், கொஞ்சம் தளர்த்திப் பார்ப்பேன்.

ஏன் இப்படி நசுக்குகிறீர்கள் என்று வீட்டுக்காரர் பிறகு கோபமாகக் கேட்டார். தறிக்காரர் அல்லவா, மடித்து வைத்த லுங்கியில் இழை அறுந்தது தெரியுமா, வெளிச்சத்தில் இழுத்து விரித்தால்தானே தெரியும் என்றேன். சட்டென்று புரிந்துகொண்டார். அழுத்தினால் திசு பரவும், ஒன்றன்மேல் ஒன்று விழாது, அசைவில்லாததால் படம் கலங்காது, கனம் குறைவதால் கதிர்வீச்சும் குறைவாகவே போதும். கதிர்வீச்சு எவ்வளவு என்றால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து சுமார் 0.4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சும்மா இருக்கும்போதே நம் உடம்பில் ஏழு வாரத்தில் படும் அளவு. அழுத்துவதால் கட்டி உடைந்து பரவும் என்பது பொய். இயந்திரத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்க வேண்டும், இருக்கிறதா என்று எந்த சென்டரிலும் கேட்கலாம், கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

வலது அக்குளைத் துடைத்துவிட்டு எடுத்தேன். புள்ளிகள் ஒன்றுகூட இல்லை. இடதுபக்கம் அந்த இடத்தை மட்டும் சின்னத் தட்டால் அழுத்தி எடுத்தேன். வெறும் திசு மடிந்திருந்தால் விரிந்து காணாமல் போயிருக்கும். போகவில்லை.

பயாப்ஸியும் அதற்கு முந்தைய மூன்று நாளும்

அல்ட்ராசவுண்டில் 12 மில்லிமீட்டரில், ஓரம் ஒழுங்கில்லாத கட்டி தெரிந்தது. அக்குளில் இருக்கும் நிணநீர் நெறிகள், அதாவது நோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் இடம், சாதாரணமாகவே இருந்தன. பைராட்ஸ் 4சி. இடம் தெரிந்த பிறகு சர்ஜன் தடவிப் பார்த்தும் கையில் தட்டுப்படவில்லை.

டாக்டர் பயாப்ஸி என்றதும் வீடு இரண்டாகப் பிரிந்தது. ஊசி குத்தினால் பரவிவிடும் என்று பெரியவர்கள், ஏதோ எண்ணெய்க் கட்டு போடும் இடத்தின் பெயரோடு வந்தார்கள். இந்த ஊசிப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு, முற்றிய நிலையில் வந்து பயாப்ஸி செய்து சில மாதத்தில் இறந்தவர்களை ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், ஊசி கண்ணுக்குத் தெரிந்தது, நோயின் வயது தெரியவில்லை. பயாப்ஸியால் நோய் முற்றுவதில்லை. அது இல்லாமல் என்ன வகை, என்ன மருந்து என்று எதையும் தீர்மானிக்கவும் முடியாது. மகன் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் அந்த அம்மாவே, "குத்தட்டும் வா, பீடி இலை வெட்டி வெட்டி என் கை படாத கத்திரியா" என்று மருமகளோடு கிளம்பிவிட்டார்.

மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே தடித்த ஊசியால் மெல்லிய திசுத் துண்டுகளை எடுப்பார்கள். எடுக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வரும், அதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், வலியைவிட அந்தச் சத்தத்துக்கே துள்ளுகிறார்கள். தையல் இல்லை, அன்றைக்கே வீடு. ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்ல வேண்டும்.

முடிவு: பால் குழாயில் தொடங்கி அதன் சுவரைத் தாண்டிய வகைப் புற்றுநோய், இரண்டாம் தரம் (செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதற்கான மூன்று படிகளில் நடுப்படி). ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் ஏற்பிகள் இருக்கின்றன, அதாவது ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை வேலை செய்யும் வகை; நோயை வேகமாக வளரவைக்கும் ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இல்லை. எவ்வளவு பரவியிருக்கிறது என்ற மருத்துவக் கணக்கில் முதல் நிலை.

பீடி சுற்றியதாலா என்று அந்த அம்மா கேட்டார். அப்படி ஒன்றை நோக்கி விரல் நீட்ட முடியாது. பெண்ணாக இருப்பதும் வயது ஏறுவதுமே பெரிய காரணங்கள், குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்களுக்குத்தான் இது அதிகமாக வருகிறது. பரம்பரை மரபணுக் கோளாறால் வருவது நூற்றில் ஐந்திலிருந்து பத்து.

சிகிச்சை, சுருக்கமாக

மார்பை முழுசாக எடுக்க வேண்டியதில்லை என்றார் சர்ஜன். கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுப்பதும், முழு மார்பையும் எடுப்பதும் உயிர் காப்பதில் சமம் என்பது இருபது வருஷம் பின்தொடர்ந்த ஆய்வுகளில் தெரிந்த விஷயம், 2002இலேயே வெளியானது. கையில் படாத கட்டி என்பதால் காலையில் அல்ட்ராசவுண்டில் பார்த்து ஒரு மெல்லிய கம்பியை அந்த இடத்தில் வைத்து, அதைப் பின்பற்றி ஆபரேஷன் செய்தார்கள். நெறி முழுவதையும் எடுக்காமல், நீலச் சாயம் ஏற்றி முதலில் சாயம் பிடிக்கும் நெறியை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள், அதில் நோய் இல்லை. மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போனதும் அம்மா அலறிவிட்டார். சாயம்தான் அது, ஒரு நாளில் போய்விடும், அதையும் யாராவது முன்னால் சொல்லியிருக்கலாம்.

பிறகு 15 தடவை கதிர்வீச்சு, வார நாட்களில், மூன்று வாரம். அதன் பிறகு தினம் ஒரு ஹார்மோன் தடுப்பு மாத்திரை, ஐந்து வருஷத்துக்கு. முட்டி வலி என்கிறார், அந்த மாத்திரைக்கு அது வழக்கம், எலும்பின் பலத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். கீமோ தேவைப்படவில்லை. செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தது, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. அட்டையில் அந்த அம்மாவின் பெயர் இருக்கிறதா என்பதை ஆபரேஷன் தேதிக்கு முன்தினம் தேடுவதற்குப் பதிலாக, இன்றைக்கே எடுத்துப் பார்த்து வையுங்கள்.

மூன்று மாதம் வீணானதால் கெட்டுப்போனதா

இந்த நிகழ்வில் அனேகமாக இல்லை. 12 மில்லிமீட்டர், நெறி சுத்தம், மெதுவாக வளரும் வகை. ஆனால் இது நம் சாமர்த்தியத்தால் இல்லை. இதே மூன்று மாதம் வேகமாக வளரும் வகைக்குப் போயிருந்தால் நான் இதை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் பேக்கேஜ் விற்பவருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. மேமோகிராம் எடுக்கும் நூறு பேரில் சுமார் பத்துப் பேரைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்பது அமெரிக்கக் கணக்கு, அந்தப் பத்தில் ஒருவருக்குக்கூடப் புற்றுநோய் இருப்பதில்லை என்பதுதான் சராசரி. ஆக, திரும்பக் கூப்பிட்டால் அலற வேண்டாம், போகாமல் இருக்கவும் வேண்டாம். இதற்கும் மேலே, வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே செய்திருக்காத சில புற்றுநோய்களையும் மேமோகிராம் கண்டுபிடிக்கிறது, அவர்களும் ஆபரேஷன் செய்துகொள்கிறார்கள். பிரிட்டனில் 2012இல் ஒரு சுயேச்சைக் குழு எல்லா ஆய்வுகளையும் வைத்துப் போட்ட கணக்கில், 50 வயதிலிருந்து இருபது வருஷம் 10,000 பெண்களைக் கூப்பிட்டால் 43 மார்பகப் புற்றுநோய் இறப்பு தடுக்கப்படும், 129 பேருக்கு இப்படித் தேவையில்லாத கண்டுபிடிப்பு நடக்கும். யார் அந்த 129 என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இது தெரிந்தும் நான் எடுத்துக்கொள்கிறேன், என் அக்காவுக்கும் சொல்கிறேன். இந்தியாவில் 2022இல் 1,92,000 பேருக்குப் புதிதாக இந்த நோய் வந்ததாகவும் 98,000 பேர் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மதிப்பிடுகிறது. இவ்வளவு இறப்புக்குப் பெரிய காரணம் தாமதமாக வருவது. நம்மிடம் அதிகமாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற பிரச்சினையைவிட, கண்டுபிடித்ததைக் கையில் கொடுத்துவிட்டு ஆளைத் தொலைக்கும் பிரச்சினைதான் பெரிசு.

அதனால் தேதி வாங்கும்போதே கேட்க வேண்டியது பவுடர், நகை பற்றி மட்டும் இல்லை. ரிப்போர்ட்டை எனக்கு யார் தமிழில் சொல்வார்கள்? மறுபடி வரச் சொன்னால் இங்கேயே அல்ட்ராசவுண்டு, பயாப்ஸி உண்டா, இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத இடத்தில் சலுகை எவ்வளவு இருந்தாலும் எடுக்காதீர்கள். வேலூரில் சி.எம்.சி., அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, அரக்கோணம் பக்கம் இருப்பவர்களுக்குக் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அறிஞர் அண்ணா புற்றுநோய் ஆஸ்பத்திரி என்று அடுத்த படிக்கு இடங்கள் இருக்கின்றன. படிவத்தில் இரண்டு நம்பர் கொடுங்கள், அதில் ஒன்று உங்களுடையதாக இருக்கட்டும். இரண்டு வாரத்தில் யாரும் கூப்பிடவில்லை என்றால் நல்ல சேதி என்று எடுத்துக்கொள்ளாமல் நீங்களே கூப்பிடுங்கள்.

மகளும் மருமகளும்

கதிர்வீச்சு முடிந்த பிறகு மகள் வந்து தனக்கு எப்போது என்று கேட்டாள். வயது 33. அம்மாவுக்கு 54 வயதில் வந்திருக்கிறது, குடும்பத்தில் நெருங்கிய வேறு யாருக்கும் இளம் வயதில் வரவில்லை, சினைப்பைப் புற்றுநோயும் இல்லை என்பதால் 40இல் தொடங்கலாம் என்றார் டாக்டர், அதுவரை மார்பில் புதிதாக எதைக் கண்டாலும் உடனே வர வேண்டும். பாட்டியின் தங்கைக்கு எந்த வயதில் வந்தது என்று விசாரித்து வரச் சொன்னார், அது ரொம்ப இளம் வயதென்றால் மரபணுப் பரிசோதனை பற்றிப் பேச வேண்டியிருக்கும். ஊரில் கேட்டுப் பார்த்ததில் அறுபதுக்கு மேல் என்றுதான் சொல்கிறார்கள்.

மருமகளுக்கு 31. ரத்த சம்பந்தம் இல்லை, இப்போதைக்கு ஒன்றும் தேவையில்லை. இந்த அம்மாவுக்கு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும், அடுத்த தேதி வைகாசியில் விழுந்தது, மருமகளே அதைச் சித்திரைக்கு மாற்றி வாங்கிக்கொண்டு போனாள்.